துக்கத்திலும் வலியிலும் பாடுவது, வரைவது: வீட்டில் கைக்கொள்ளும் முறைகள்

துக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு வெள்ளைத்தாளையும் வண்ணப் பெட்டியையும் கொடுத்து, "மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுங்க" என்று சொல்வது பல இடங்களில் நடக்கிறது. பாதிப்பேர் தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். மீதிப்பேர் கொட்டிவிட்டுப் போய், அன்றிரவு தூக்கமில்லாமல் புரண்டு, அடுத்த வாரம் வராமலே இருந்துவிடுவார்கள். அவர்கள்மீது குறையில்லை, சொன்ன முறையில்தான் குறை. பாட்டையும் ஓவியத்தையும் வலிக்குத் துணையாக எடுத்துக்கொள்வோரோடு உட்கார்ந்து பழகியதில் எங்களுக்கு உறுதியான ஒன்று உண்டு: முதலில் வடிவம் வரவேண்டும், உணர்வு தானாகப் பின்னால் வரும். ஏழு எண்ணிக்கைத் தாளம், பன்னிரண்டு புள்ளி, இரண்டடிப் பாட்டு, இருபது நிமிடம் என்று ஓர் எல்லை இருந்தால்தான் உடைந்த மனம் அதற்குள் துணிந்து கால் வைக்கும்.

கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பதை ஆய்வுகளும் முழுதாக ஆமோதிக்கவில்லை. பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது; ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே இருந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் செய்த எழுத்து ஆய்வில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் என்று கணக்கு இருந்தது. எழுதிய உடனே மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அந்தப் பதினைந்து நிமிடக் கணக்கைப் பலரும் விட்டுவிட்டு, "எழுதினால் ஆறும்" என்பதை மட்டும் சொல்கிறார்கள்.

"துக்க வீட்டில் பாட்டா?"

தமிழ்க் குடும்பங்களில் முதல் தடை இதுதான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாசலில் கோலம் இல்லை, வீட்டில் பாட்டு இல்லை, தொலைக்காட்சியைக்கூடப் போடுவதில்லை. இந்த வழக்கத்தோடு மோத வேண்டியதில்லை. அந்த நாள்களில் வாத்தியத்தைத் தொடவேண்டாம், வாசலில் கோலம் போடவேண்டாம். ஆனால் நம் மரபு துக்க வீட்டில் குரலை ஒருபோதும் அடைத்ததில்லை. ஒப்பாரி அங்கேதான் பிறந்தது. சைவக் குடும்பங்களில் இறுதிச் சடங்கில் சிவபுராணம் ஓதுவார்கள். யாழ்ப்பாண வழியினர் அந்தச் சடங்கில் சுண்ணம் என்ற நறுமணப் பொடியை இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். குரல் என்றும் அனுமதிக்கப்பட்டதே. வீட்டுப் பெரியவரிடம் "அத்தை, வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் முணங்கிக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தடுப்பதில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சிலர் வாத்தியமே வேண்டாம் என்பார்கள். அங்கே குரலும் கையெழுத்தும் போதும், வற்புறுத்தக் கூடாது.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல் நேரம். இரங்கல் விடுப்பு இங்கே சட்டப்படி கட்டாயமில்லை, வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம் கட்டி, மண்டாய் தகனச்சாலையில் குறித்த நேரத்துக்குத் தகனம் முடித்து, அந்த வாரமே அலுவலக மேசைக்குத் திரும்புகிறவர்கள் அழுவதற்கு இடம் தேடுகிறார்கள். ஆகவே கீழே சொல்வதெல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடியக்கூடியவை, மூன்றறை வீட்டில் பக்கத்து அறைக்குக் கேட்காமல் செய்யக்கூடியவை.

முதலில் 'உம்'

பாட்டுப் பயிற்சி இல்லாதவர்களும் இதில்தான் தொடங்கவேண்டும். யாராவது கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டுவோமே, அந்தக் குரல் நிற்கும் இடம்தான் உங்கள் இயல்பான சுருதி. கைபேசியில் ஏதாவதொரு தம்புராச் செயலியைத் திறந்து, அந்த 'உம்'முக்கு அருகில் எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி அளவு, வருகிறது என்று பாருங்கள். கர்நாடக இசை கற்றவர்களாக இருந்தால், வழக்கமாகப் பாடும் சுருதியிலிருந்து அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வையுங்கள். ஒலியளவு பேச்சுக்குரலைவிடக் குறைவாக இருக்கட்டும்.

நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சிழுத்து, ஆறு எண்ணும்வரை வாய்மூடி 'ம்' என்று விடவேண்டும். பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. இந்த ஆறு என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் ஜெபமாலையும் திபெத்திய மந்திரமும் ஓதுவோரின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்ததையும், அந்த வேகத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கியதையும் கண்டார்கள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டால் அதிர்வு கையில் தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

இதில் கோளாறாவது மூன்று இடங்களில். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி நிறைய இழுக்கிறீர்கள் என்று பொருள். சாதாரண மூச்சளவே போதும், நீளந்தான் வேண்டும். தொண்டை இறுகி வலித்தால் சுருதி உயரம். அழுகையை அடக்கும்போது தொண்டைத் தசைகள் ஏற்கெனவே இறுகியிருக்கும், அதற்கு மேல் உயரமாக முணங்கினால் அடைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு கட்டை இறக்கலாம். மூன்றாவது அழுகை. சில மூச்சுக்குள் கண்ணீர் வந்துவிடுவது சகஜம். வந்தால் முணக்கத்தை நிறுத்திவிட்டு தம்புராவை மட்டும் ஓடவிடுங்கள். ஒலி அறையில் இருந்துகொண்டே இருக்கும். திரும்பி வர விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். தம்புராவையும் சேர்த்து அணைத்துவிட்டால் சட்டென்று எழும் அமைதி பலருக்குத் தாங்குவதில்லை.

இரண்டடி ஒப்பாரி

ஒப்பாரியை வெறும் அழுகைச் சத்தமாக நினைத்து, படித்த தலைமுறை அதை விட்டு விலகியது. அது நுட்பமான வடிவம். இறந்தவரை நேரே விளிக்கும். அவர் தொட்ட பொருளைச் சொல்லும். இன்று அது எப்படிக் கிடக்கிறது என்று காட்டும். மெட்டு நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும். மேலே தொடங்கிக் கீழே சரியும், அடியின் கடைசி நெடிலை இழுத்து முடிக்கும். சுற்றியிருக்கும் பெண்கள் அந்த இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். அதனால் பாடுபவருக்கு அடுத்த அடியை யோசிக்கவும் மூச்சு வாங்கவும் இடைவெளி கிடைக்கும். தனியாக அழுவதற்கும் ஒப்பாரி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எழுதும் முறை இது. ஒரு சின்ன நோட்டில் மூன்று குறிப்புகள் மட்டும் எழுதுங்கள்: அவர் அன்றாடம் கையாண்ட ஒரு பொருள், அவர் நடந்து போன ஓர் இடம், உங்களை அவர் கூப்பிட்ட பெயர். பாசம், தியாகம், வெறுமை, இருள் போன்ற சொற்களுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. "நீ இல்லாமல் வாழ்வே இருண்டது" என்று எழுதுபவர் அடுத்த அடிக்குப் போக முடியாமல் நிற்பார், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடிக் கூடு, இஸ்திரிப் பெட்டி, பேருந்து அட்டை, தைலப் புட்டி என்று எழுதுபவருக்கு அடுத்த அடி தானே வரும்.

அந்தக் குறிப்புகளில் ஒன்றை எடுத்து இரண்டடி கட்டுங்கள். எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவருவது, நினைவில் நிற்க உதவும். மாதிரிக்கு (தேக்கா என்பது இங்குள்ள லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதி):

தேக்காவுல பூவாங்கித் தெருவழியா வந்தாயே
பூக்காரி கேக்குறாளே, போனதெங்கே என் தாயே

இது போதும். முதல் நாளில் இரண்டடிக்கு மேல் வேண்டாம். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள்; இலக்கணத் தமிழுக்கு மாற்றினால் மேடைக் கவிதை ஆகிவிடும், குரல் ஒட்டாது. இங்கே வளர்ந்த இளையர் பலருக்குத் தமிழில் எழுத வராது. ஆங்கிலத்திலேயே எழுதி, விளியை மட்டும் 'அப்பா', 'பாட்டி' என்று தமிழில் வைத்துக்கொள்ளட்டும். 'ஐயோ அப்பா' என்ற அந்த இழுப்பு இருந்தால் மெட்டு தானாக அமைந்துவிடும். மொழியைத் திருத்த உட்காரும் பெரியவர்கள் அன்றைக்கு அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்.

பாடும்போது மூன்று முறை, அதற்கு மேல் போகவேண்டாம். முதல்முறை வாசிப்பதுபோல, இரண்டாம் முறை மெட்டோடு, மூன்றாம் முறை கடைசி நெடிலை மூச்சு முடியும்வரை இழுத்து. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அந்த இழுப்பில் சேர்ந்து 'ம்' கொடுக்கட்டும். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். சுழன்று சுழன்று இருபது முறை பாடுவது துக்கத்தை ஆற்றாது, அதிலேயே ஊறவைக்கும். மறைந்தவருக்குப் பிடித்த திரைப்பாடலை இரவெல்லாம் ஓடவிடுவதிலும், அவர் அனுப்பிய குரல்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றை முதல் மாதங்களில் தொடாதிருப்பது நல்லது, அழித்துவிடவும் கூடாது. வேறொரு கோப்புறைக்கு மாற்றி, நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். கைபேசி மாற்றும்போது பலரும் இழப்பது இதைத்தான்.

தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த வடிவம் மிகவும் பொருந்தும். அப்பாவின் இறுதிச் சடங்கைக் கைபேசிக் காணொளியில் பார்த்துவிட்டு மறுநாள் லாரியில் ஏறி வேலைக்குப் போனவர்களுக்கு அழ ஓர் அறைகூடக் கிடையாது. சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு, ஒரு பேனா, ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒரு திண்ணை என்பதே தேவை. வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி 2014-இல் இங்கே தொடங்கியதிலிருந்து, அவர்கள் எழுதுவதைக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் துக்கத்தில் எழுதியதைப் போட்டிக்கு அனுப்ப அவசரம் வேண்டாம். பரிசு கிடைக்காவிட்டால் அப்பாவையே யாரோ நிராகரித்ததுபோல் வலிக்கும்.

தூக்கம் வராத இரவுக்கு ஏழு எண்ணிக்கை

நள்ளிரவில் ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும்போது மெல்லிசை கேட்பது பலருக்கு உதவுவதில்லை. மனம் வேகமாக ஓடும்போது மெதுவான இசை ஒட்டாமல் வெளியே நிற்கிறது. இசைச் சிகிச்சையில் ஐரா ஆல்ட்ஷுலர் 1948-இல் எழுதிய ஒரு கொள்கை இங்கே உதவும்: மனம் எந்த வேகத்தில் இருக்கிறதோ அந்த வேகத்திலேயே இசையைத் தொடங்கி, பிறகு மெல்ல மெல்ல வேண்டிய இடத்துக்கு மாற்றவேண்டும்.

கைபேசித் தாளக்கருவியை நிமிடத்துக்கு 120 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்தாக "தகிட தகதிமி" என்று முணுமுணுங்கள். மூன்றும் நான்கும் ஏழு, கர்நாடக இசையில் மிச்ர சாபு என்ற தாளம். 'தகிட'வின் முதல் 'த'வுக்கு வலத்தொடையிலும் 'தகதிமி'யின் முதல் 'த'வுக்கு இடத்தொடையிலும் விரலால் தட்டுங்கள். இரண்டு நிமிடம் ஆனதும் 110, பிறகு 100, 90, 80. மொத்தம் பத்து நிமிடம். எட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் பழைய நினைப்புக்கே போய்விடும்; நம் காதெல்லாம் நான்கிலும் எட்டிலும் பழகியவை. ஏழு அப்படி விடாது. கவனம் தவறினால் உடனே ஓர் எழுத்து கூடி எட்டாகிவிடும், தொடைத் தட்டு பிசகும். பிசகியது தெரிந்ததும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள், அந்தத் திரும்புதல்தான் வேலை செய்கிறது. ஏழும் பழகிப்போனால் "தகதகிட" என்று ஐந்து.

உண்மையான தோல்வாத்தியம் இரவில் வேண்டாம். 2022-இல் அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பறை எந்த நேரத்திலும் புளோக்குக்குள் தாங்காது.

காகிதத்தில் கோலம்

பேசவே விரும்பாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. கோலத்தில் அடுத்து எங்கே போகவேண்டும் என்று புள்ளி சொல்லிவிடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலத்தைக் கணினி மொழிகளுக்கான இலக்கணம்போல ஆராய்ந்தார்கள். அவ்வளவு திட்டமான விதி அதற்குள் இருக்கிறது. துக்கத்தில் முடிவெடுக்கும் தெம்பு முதலில் போய்விடுவதால், முடிவெடுக்க வேண்டாத வேலை கைக்கு ஆறுதல்.

ஏ4 தாளை நீளவாக்கில் வைத்து, பென்சிலால் குறுக்கே நான்கு, கீழே மூன்று என்று 12 புள்ளி, நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே, குறுக்கிலும் நெடுக்கிலும், மெல்லிய சிறு குறி இடுங்கள். சரியாக இட்டால் 17 குறி வரும். இனி மூலையில் இருந்து தடித்த பேனாவால் கோடு. கோடு புள்ளியைத் தொடாது. ஒவ்வொரு குறியின் மேலும் சாய்வாக நேரே கடந்து போகும், ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பும். கையெடுக்காமல் போனால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எல்லாக் குறியையும் இரண்டு முறை கடந்திருப்பீர்கள்.

4×3 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புள்ளிகளின் நீள எண்ணிக்கைக்கும் அகல எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை தனிக்கோடுகளில் இவ்வகைக் கம்பிக்கோலம் முடியும். 3×2, 4×3, 5×4 எல்லாம் ஒரே கோடு. 4×4 வைத்தால் நான்கு கோடு, 5×5 வைத்தால் ஐந்து. இது தெரியாமல் சதுரமாகப் புள்ளி வைத்து, 'ஒரே கோட்டில் முடியவில்லையே, என் மூளை இப்படி ஆகிவிட்டதே' என்று நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கே அப்படி. கவனம் நிற்காத நிலையில் இருப்பவருக்கு முதலில் 3×2: ஆறு புள்ளி, ஏழு குறி, ஒரே கோடு. அடுத்த நாள் 4×3.

வழக்கமாக நேரும் பிழை, குறியில் நேரே கடக்காமல் அங்கேயே வளைந்துவிடுவது. சில சமயம் கோடு சீக்கிரமே மூடிக்கொண்டு சில புள்ளிகள் வெளியே நிற்கும். தாளைக் கிழிக்க வேண்டாம். மிஞ்சிய புள்ளிகளுக்கு வேறு நிறத்தில் இன்னொரு கோடு போட்டு முடியுங்கள். கை நடுங்குபவர்களுக்கு ஏ3 தாளும் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியும் தேவை. நாள் தேதியைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் எழுதினால் எத்தனை நாளாயிற்று என்ற கணக்கே கண்ணில் படும்.

பிறகு வாசலில் அரிசி மாவில் போட விரும்பினால், நடைபாதையில் ஆள் போக வழிவிட்டு, வாசற்படியை ஒட்டிச் சிறியதாகப் போடுங்கள். மாவு எறும்பை அழைக்கும், ஈரத்தில் வழுக்கும், மாலைக்குள் துடைத்துவிடவேண்டும்.

இந்த ஊரின் ஈரம்

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வண்ணம் தீட்டுவோர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரு வண்ணம் காயும்முன் அடுத்ததைப் போட்டுச் சேறாக்கிவிட்டு, 'எனக்கு வராது' என்று விட்டுவிடுவார்கள். நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள், நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டி, மின்விசிறி தாளின் மேல் நேராக அடிக்காமல் அறையில் சுழலும்படி. இரண்டு வண்ணம் போதும்.

சூடின்றிக் காயும் களிமண்ணில் ஆளுக்கு அரைக்கிலோ. கனம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இங்கே அது காயவே இரண்டு மூன்று நாள் எடுக்கும். அவசரப்பட்டு விசிறிக்கு முன் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். இழந்தவரின் நினைவாகச் செய்த ஒன்று வெடித்தால் அது வெறும் களிமண் வெடிப்பாக மனத்துக்குப் படாது. அதனால் முதல் நாள் முழுக்க நெகிழித்தாளால் தளர்வாக மூடிவையுங்கள்.

மறைந்தவரின் வாத்தியத்தை எடுத்து வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். அது பெரும்பாலும் வீட்டின் ஸ்டோர் ரூமில், காற்றோட்டமே இல்லாத பாதுகாப்பறையில் கிடக்கும். மிருதங்கத்தின் தோலிலும் ஆர்மோனியத்தின் துருத்தியிலும் பூஞ்சை பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, நிழலில், சாளரம் திறந்த அறையில் சில நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் மரம் பிளக்கும், வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் நகரும். வயலின் தந்தியை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றவேண்டாம். அதன் பழைய ஒலி திரும்ப வராமலும் போகலாம். சரிசெய்யக் கொடுக்கும்முன், உள்ளபடி ஒருமுறை ஒலியைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்த பிறகு குரல் மாறிவிடும்.

வலி உடம்பில் இருந்தால்

மூட்டுவலி, நீரிழிவால் வரும் கால் கை எரிச்சல், அறுவைக்குப் பிந்தைய வலி உள்ளவர்களுக்கு முறை கொஞ்சம் வேறு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்திலிருந்து, வலி மூளைக்குப் போகும் வழியில் கூடவும் குறையவும் செய்யும் என்பது தெரியும். கவனமும் அச்சமும் அதை மாற்றும். ஆனால் பாட்டு வலிமருந்துக்கு மாற்று ஆகாது, மருந்தை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடாது.

தொடங்கும்முன் வலியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் குறியுங்கள். பத்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து. மணியடித்ததும் நிறுத்தவேண்டும், கோடு பாதியில் இருந்தாலும். வலி வந்தபிறகு நிறுத்தலாம் என்று இருப்பவர்கள் நல்ல நாளில் இரண்டு மணி நேரம் வரைந்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்திருப்பார்கள்; பிறகு வரைவதே வலிக்குக் காரணம் என்று மனம் முடிவுகட்டிவிடும். முடிவில் எண் இரண்டு கூடியிருந்தால் அடுத்தமுறை நேரத்தைப் பாதியாக்குங்கள்.

தூரிகைக் காம்பில் நுரைக்குழாயைச் செருகினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. தாளுக்கடியில் வழுக்காத விரிப்பு. மணிக்கட்டால் சின்னக் கோடு போடாமல் தோளிலிருந்து பெரிய வீச்சு. படுத்தபடி முணங்குவோர் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் வயிறு தளரும். வயிற்று அறுவை முடிந்தவர்கள் உரக்கப் பாடுவதற்கு மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

திறமை இருந்தால்தான் பலன் என்று நினைப்பவர்களுக்கு: கிரிஜா கைமால் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பப்படி செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் குறைந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பொருட்டாகவில்லை. மற்றவர்களுக்கு அது குறையவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. எல்லாருக்கும் எல்லா நாளும் இது ஒத்துவராது.

கூடிச் செய்யும்போது

சமூக மன்ற அறையோ, மூத்தோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையமோ, யாராவது ஒருவரின் வரவேற்பறையோ, ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் செய்ததைப் பார்த்து "அழகா இருக்கு அக்கா" என்று சொல்லாதிருப்பது எல்லாருக்கும் கடினம், ஆனால் அவசியம். அழகு என்றதும் அடுத்த வாரம் அவர் அழகுக்காக வரைவார். "இங்க ஏன் அங்கிள் இவ்வளவு கறுப்பு?" என்ற கேள்வியும் வேண்டாம். "இந்தக் கோடு மூணு தடவை திரும்பி வருது" என்று கண்ணில் படுவதை மட்டும் சொல்லலாம். அழுபவரின் கையில் டிஷ்யூவைத் திணித்தால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தமாகிவிடும்; எட்டும் தூரத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துக்கொள்வார். "விதி", "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு" போன்ற ஆறுதல்கள் அந்த இருபது நிமிடத்துக்கு வெளியே இருக்கட்டும். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, செய்தவர் தாமாகக் கேட்டாலொழிய, கூடாது.

செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் வெறித்துப் பார்த்தபடி பதில் சொல்லாமல் போனால், பழைய கொடிய நிகழ்வு ஒன்று இப்போது நடப்பதுபோல் நடுங்கினால், உடனே நிறுத்தி, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, குளிர்ந்த தண்ணீரைக் கையில் கொடுத்து, அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மேல் பயிற்சி பெற்றவர் தேவை. பலதுறை மருந்தக மருத்துவரிடம் தொடங்கலாம். லசால் கலைக் கல்லூரியில் கலைச் சிகிச்சைக்கு முதுகலைப் படிப்பே இருப்பதால் முறையாகப் படித்த சிகிச்சையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் தாளையும் பாட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ வண்டிக்கு 995.

குழு சில மாதம் நிலைத்துவிட்டால் மேடை அழைப்பு வரும். பொங்கல் விழா, மூத்தோர் தினம், நிதி திரட்டு நிகழ்ச்சி என்று நல்லெண்ணத்தோடுதான் கூப்பிடுவார்கள். முதல் ஆண்டில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒத்திகை தொடங்கியதும் தவறாகப் பாடுபவர் பின்வரிசைக்குப் போவார், எளிதில் அழுபவர் வராமல் நின்றுவிடுவார். யாருக்காக அந்த அறை திறந்ததோ அவரே முதலில் வெளியேறுவார். ஓராண்டு கழித்தும் யாராவது பாடியே ஆகவேண்டும் என்று விரும்பினால், தாம் எழுதிய அடிகளை மட்டும், குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டுப் பாடட்டும். மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். பாடி முடித்ததும் யாரும் பேட்டி எடுக்காமல், குழுவில் ஒருவர் உடன் சென்று வீட்டில் விட்டுவரட்டும். மற்றவர்கள் அடுத்த வாரம் வழக்கமான நேரத்துக்கே கூடட்டும், அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளட்டும்.